எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும்

என் மச்சினன் இருபத்திரண்டு நாள் கடலுக்குப் போகவில்லை. காய்ச்சலும் இல்லை, புயல் எச்சரிக்கையும் இல்லை, படகிலும் பழுதில்லை. என் காரில் அவன் மாட்டிய ஒரு பெட்ரோல் பம்ப்தான் காரணம். இப்படிச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அவன் படகில் ஏறாவிட்டால் சங்கு குளிக்கும் இரண்டு பேர் தண்ணீரில் இறங்க மாட்டார்கள், இனி ஏறவே போவதில்லை என்று அவன் சொல்லிவிட்டான், அப்படிச் சொல்ல வைத்ததில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு என்று முழுதாகச் சொன்னால்தான் சிரிப்பை நிறுத்துகிறார்கள்.

நான் தூத்துக்குடியில் பைப்பும் வால்வும் விற்கிற கடைக்காரன். பூர்வீகம் உடன்குடிப் பக்கம், பனங்காட்டு வியாபாரக் குடும்பம். மனைவி திரேஸ்புரத்துக்காரி, கடலோரக் கிறிஸ்தவக் குடும்பம். நாங்களாகவே பேசி முடித்துக்கொண்ட கல்யாணம் என்பதால் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரு வருஷத்துக்கு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. முதலில் மிதித்தவன் இந்த மச்சினன், என் மனைவியின் தம்பி. ஒரு நாள் காலையில் சீலா மீன் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, "அத்தான், அருவாமண இருக்கா?" என்று கேட்டான். அதற்கு முன் அவனோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குக் குழம்பில் உப்புக் கூடிப்போனது. இருந்தாலும் அந்த மீனுக்கு இன்றைக்கும் நான் நன்றியோடு இருக்கிறேன்.

அவன் வேலை சங்குப் படகில். குளியாளிகள் கடலுக்கடியில் சங்கு பொறுக்கும்போது வாயில் கவ்வியிருக்கும் குழாய் வழியாக மேலேயிருந்து காற்று போகும். படகிலிருக்கும் கம்ப்ரசர் அதை அனுப்பும். அந்தக் கம்ப்ரசரையும் குழாயையும் பார்த்துக்கொண்டு நிற்பவன் இவன். நாலைந்து மணி நேரம் கண்ணை எடுக்காமல் நிற்பான். வெற்றிலை போட மாட்டான், போன் பார்க்க மாட்டான். காற்று நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவன் வேலை.

முத்துக் குளித்த காலத்திலிருந்தே இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் இறங்குகிறவனின் கயிற்றை மேலே பிடித்துக்கொண்டிருப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருக்க வேண்டும். தன் கூடப்பிறந்த அண்ணன் தம்பியை நம்பிக்கூட இறங்க மாட்டார்கள். அவர்களுக்குச் சொத்தில் ஒரு கண் இருக்கலாம். மச்சினன் அப்படியில்லை, தன் அக்காளின் தாலியை அறுக்க அவன் சம்மதிக்க மாட்டான். முத்து போய்ச் சங்கு வந்து, கயிற்றோடு காற்றுக் குழாயும் வந்த பிறகும் அந்த நம்பிக்கை போகவில்லை. இவனை நம்பி இறங்கும் இருவரில் ஒருவர் என் மனைவியின் அக்காள் புருஷன், எனக்குச் சகலை. இன்னொருவர் உறவே இல்லை. ஆனால் அவர் தினமும் இவனை, "வாரேன் மச்சினா" என்று முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டுத்தான் குதிப்பார்.

இப்போது என் காருக்கு வருகிறேன். முப்பது வயது தாண்டிய, பெட்டி மாதிரியான ஒரு கார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் வாங்கினேன். ஆளுக்கு ஒரு பைத்தியம் என்பார்கள், எனக்கு இது. கோயம்புத்தூரில் கொடுத்து எஞ்சினைக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டு, ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்து வாங்கிவந்தேன். அந்தப் பக்கம் வருஷத்துக்கு ஒருநாள் பழைய கார்களுக்கென்று நேர்க்கோட்டு ஓட்டம் நடக்கும். நானூறு மீட்டர், தனித்தனியாக ஓட்டி நேரம் பார்ப்பார்கள். இரண்டு வருஷம் போனேன். இரண்டு வருஷமும் மூன்றாம் கியரில் வெறி பிடித்தாற்போலப் போய், முக்கால் தூரத்தில் இருமி, விக்கி, நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் வந்து வேடிக்கை பார்த்த என் மனைவி, "இதுக்கு எங்கப்பாவோட வள்ளமே தேவல, நின்னாலும் மெதக்கவாவது செய்யும்" என்றாள்.

கோளாறு பம்பில் என்று மச்சினன்தான் கண்டுபிடித்தான். அந்தக் காலத்துக் கார்களில் பெட்ரோல் பம்ப் எஞ்சினின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் சுற்றும்போது உள்ளேயிருக்கும் ஒரு தண்டு பம்பின் நாக்கை இடிக்கும். ஒவ்வோர் இடிக்கும் ஒரு ரப்பர்த் தோல் ஏறி இறங்கி, பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். கரண்டும் வேண்டாம், வயரும் வேண்டாம். சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். ஆனால் இரண்டு பெரிய கார்புரேட்டர்கள் முழு வாயையும் திறந்து குடிக்கும்போது அந்தச் சின்ன நாக்கால் ஊற்றி முடியவில்லை. போதாததற்கு எங்கள் ஊர் வெயில். உறிஞ்சுகிற குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். பம்ப் ஆவியை உறிஞ்சும், கார்புரேட்டர் காய்ந்து கிடக்கும்.

"எலெக்ட்ரிக் பம்ப் போடணும் அத்தான்" என்றான். "டேங்குக்குப் பக்கத்துல வச்சு, அங்கன இருந்து தள்ளணும். உறியப்புடாது, தள்ளணும்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. உப்புக் காற்று அடிக்கிற ஊரில் வயர் எத்தனை நாள் வாழும் என்பது வால்வு விற்கிற எனக்குத் தெரியும். பெட்ரோலுக்குப் பக்கத்தில் கரண்டைக் கொண்டுபோய் வைப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வாரம் இதே பேச்சுத்தான். நான் மெக்கானிக்கல் என்பேன், அவன் எலெக்ட்ரிக் என்பான். கடைக்கு வந்தவர்கள் வாங்க வந்ததை மறந்து கட்சி சேர்ந்தார்கள். ஒரு லாரிக்காரர் என் பக்கம், ஒரு வாத்தியார் அவன் பக்கம்.

கடைசியில் அவன் ஒரு நாள் கேலியை விட்டுவிட்டுப் பேசினான். பல வருஷத்துக்கு முன் அவன் இருந்த படகில் கம்ப்ரசர் தனியாக ஓடவில்லையாம். படகு எஞ்சினிலிருந்து பெல்ட் போட்டு அதை ஓட்டியிருக்கிறார்கள். டீசலில் தண்ணீர் கலந்து எஞ்சின் நின்றபோது கம்ப்ரசரும் நின்றது. கீழே இரண்டு பேர். அவசரமாக மேலே இழுத்துப் போட்டதில் ஒருவருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம். உயிர் தப்பியது, காது ஒன்று போயிற்று.

"அதுலேருந்து எஞ்சினை நம்பி பம்ப் ஓடுதத நான் பாக்க மாட்டேன் அத்தான். எஞ்சின் அதும்பாட்டுக்கு, பம்ப் அதும்பாட்டுக்கு. எது நின்னாலும் பம்ப் நிக்கப்புடாது. நீங்க அக்கா புருசன். ஒங்களுக்கு மூச்சு நான் பாத்துக்கிடுதேன்."

அதற்கு மேல் என்ன வாதம் செய்வது? சரி என்றேன். உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு நாளும் கடலில் இறங்காத, இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே சாமி கும்பிடுகிற பனங்காட்டுக்காரனான எனக்கும் ஒருவன் கயிறு பிடிக்க வந்தானே.

பம்ப் வந்தது. அதோடு பெட்டிக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு ஸ்விட்சும் வந்தது. அது எதற்கென்று வழிமுறைத் தாளில் படம் போட்டிருந்தார்கள். எஞ்சின் ஓடினால் உள்ளே ஆயிலுக்கு அழுத்தம் இருக்கும். அழுத்தம் இருக்கும்வரைதான் அந்த ஸ்விட்ச் பம்புக்குக் கரண்டை விடும். மோதியோ அணைந்தோ எஞ்சின் நின்றால் ஆயில் அழுத்தம் போகும், பம்பும் நிற்கும். இல்லையென்றால் செத்த எஞ்சினுக்குப் பம்ப் பெட்ரோல் ஊட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு இங்கிலீஷ் தெரியும், அதைப் படித்தேன், அவனுக்கும் படித்துச் சொன்னேன்.

"எஞ்சின் நின்னா பம்ப நிறுத்தவா? அதுக்கா இத்தன பாடு படுதோம்?" என்றான். ஸ்விட்சைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். "இது வேண்டாம் அத்தான். வெள்ளக்காரனுக்குக் கடல் தெரியாது."

நான் சிரித்துக்கொண்டே அதைக் கடை மேசை டிராயருக்குள் போட்டேன். நான்தான் போட்டேன்.

அவன் பம்பை நேராக பேட்டரியில் கொடுத்தான். கார்ச் சாவியைக்கூட நம்பவில்லை. சாவி தவறி அணைந்தாலும் பம்ப் ஓட வேண்டும் என்று தனியாக ஒரு ஸ்விட்ச் வைத்து, கை தட்டி அணைந்துவிடாமல் இருக்க அதை இடது சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்தான். வேலை சுத்தமாக இருந்தது. உப்புக் காற்று ஏறாமல் ஒவ்வொரு வயர் முனையிலும் கிரீஸ் தடவி, படகில் சுற்றுகிற மாதிரி டேப் சுற்றியிருந்தான். போட்டதும் பின்னாலிருந்து டிக் டிக் டிக் என்று சத்தம் கேட்டது. கார் மூன்றாம் கியரில் ஒரு முறைகூட விக்கவில்லை. அன்றைக்கு நான் அவனைக் கட்டிப்பிடித்தேன்.

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உப்பளத்துக்கு நடுவே போகும் ரோட்டில் கடைசியாக ஓட்டிப் பார்க்கப் போனோம். அவன் பைக்கில் பின்னால் வந்தான். வளைவில் ஏதோ ஓர் உப்பு லாரி சொட்டிவிட்டுப் போன உப்புத் தண்ணீர் ரோட்டில் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் காலை எடுக்கவில்லை. புத்தி சொன்னதை வேகம் கேட்கவில்லை. கார் வழுக்கி, கரையை இடித்துக்கொண்டு இறங்கி, பாத்திக்குத் தண்ணீர் போகிற வாய்க்காலில் ஒருக்களித்துப் படுத்தது.

எஞ்சின் அணைந்துவிட்டது. நான் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். அடி பெரிதாக இல்லை, தோளில்தான் வலி. அப்போது பெட்ரோல் நாற்றம் வந்தது. முன்னால் குழாய் ஒன்று கழன்று, சூடான சைலன்சர்ப் பைப்பின் பக்கம் சர்ரென்று பீய்ச்சுகிற சத்தம். கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். எல்லா விளக்கும் போயிற்று. டிக் டிக் டிக் மட்டும் நிற்கவில்லை. ஸ்விட்ச் இருந்த இடது சீட்டு எனக்கு அடியில், வாய்க்கால் தண்ணீருக்குள் இருந்தது. கை எட்டவில்லை. அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைப்போல ஒரு பயம் என் ஆயுளில் எனக்கு வந்ததில்லை. கார் செத்துவிட்டது, பம்ப் மட்டும் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

மச்சினன் பைக்கை ஓடவிட்டே குதித்திருக்கிறான். டிக்கியைத் திறக்க முடியாமல் கல்லால் அடித்துப் பெயர்த்து, உள்ளே கைவிட்டுப் பம்ப் வயரைப் பிய்த்தான். சத்தம் நின்றது. பிறகு ஜன்னல் வழியாக என்னை இழுத்துப்போட்டான். அவன் உள்ளங்கை குறுக்காகக் கிழிந்திருந்தது. இருவரும் கரையில் உட்கார்ந்து, வாய்க்கால் தண்ணீரில் பெட்ரோல் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தீப்பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று இன்றுவரை தெரியாது.

வழியில் அவன் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு இருவரும் வீட்டுக்குப் போனபோது என் சட்டையெல்லாம் பெட்ரோல். மனைவி முகர்ந்து பார்த்தாள். சாவியை அணைத்தும் பம்ப் நிற்கவில்லை என்பதை நான்தான் உளறினேன். அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"எந் தாலிய அறுக்கதுக்கா பம்ப் மாட்டுன?"

வேறு எந்த ஊரில், எந்த அக்காள் தன் தம்பியிடம் இப்படிக் கேட்டிருந்தாலும் அது கோபத்தில் வந்த பேச்சு. மறுநாள் மறந்துபோகும். மச்சினன் கயிறு பிடிக்கிற கரையில், கயிறு பிடிப்பதே தொழிலாக இருப்பவனிடம் கேட்கக் கூடாத ஒரே கேள்வி அது. அவன் கட்டுப் போட்டிருந்த கையை ஒரு தரம் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த ஸ்விட்ச் என் டிராயரில் இருக்கிறது, படித்துத் தெரிந்துதான் போட்டேன் என்று அந்த நிமிஷமே நான் சொல்லியிருக்க வேண்டும். வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல நின்றேன். அவளுக்குப் பயந்துதான். வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

மறுநாள் அவன் கடலுக்குப் போகவில்லை. கை ஆறட்டும் என்று விட்டார்கள். கை ஆறிய பிறகும் போகவில்லை. ஐஸ் உடைக்கிற இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். இரண்டு வாரம் கழித்துச் சகலை என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். கடலில் அத்தனை ஆழம் இறங்கி ஏறுகிற மனுஷர், என் கடை ஸ்டூலில் உட்காரத் தயங்கினார்.

"நீங்க சொன்னா கேப்பான். நாங்க கேட்டா, எங் கைய நம்பாதிய, அக்கா புருசன எரிக்கப் பாத்த கைன்னு சொல்லுதான்."

"வேற ஆளை வச்சு இறங்கலாமே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூச்ச யார் கையில குடுக்கது?" என்றார்.

அவர்கள் இருவரும் அதுவரை வலைப் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று மச்சினனைப் பார்க்கப் போனேன். ஐஸ் கட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "அக்கா சொன்னது சரிதான் அத்தான்" என்றான். அப்போதும் நான் டிராயரைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கவில்லை, ஏன் சொல்லவில்லை என்று அவனும் கேட்கவில்லை. அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. இதை எழுதும்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றே ஒன்று. காரை மறுபடி பழைய பம்புக்கு மாற்றினால் பேச்சே முடிந்துவிடும் என்று நினைத்தேன். எஞ்சின் நின்றால் மெக்கானிக்கல் பம்ப் தானாக நிற்கும். அந்தப் புத்தி அதற்குப் பிறவியிலேயே உண்டு. எலெக்ட்ரிக்குக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். வாய்க்காலிலிருந்து தூக்கி வந்த காரை நசுங்கல் எடுத்து, நானே ஸ்பேனரைப் பிடித்தேன். எஞ்சின் சூடு பம்புக்கு ஏறக் கூடாதே என்று இரண்டுக்கும் நடுவில் ஒரு அட்டைக்குப் பதில் மூன்று அட்டை வைத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. பம்ப் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடத் தூக்கவில்லை. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு அவனுக்குப் போன் செய்தேன்.

வந்தான். கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றான், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"எத்தன அட்ட வச்சிய?"

"மூணு."

அந்த இருபது நாளில் முதல் தடவையாகச் சிரித்தான். "பம்ப எஞ்சினை விட்டுத் தள்ளி வச்சா உள்ள இருக்க தண்டு எப்படி நாக்க இடிக்கும்? எட்டுதா பாருங்க. ரெண்ட எடுங்க."

எடுத்தேன். அவன் சொல்லச் சொல்ல நான் முடுக்கினேன். ஒரு போல்ட்டைக்கூட அவன் தொடவில்லை. ஸ்பேனரை எடுத்துத் தரச் சொன்னேன். காலால் என் பக்கம் தள்ளினான். வண்டி கிளம்பியது. ஓட்டிப் பார்த்தோம். மூன்றாம் கியரில் பழையபடி விக்கல்.

"போதும் மாப்ள, நான் மெதுவாவே ஓட்டிக்கிடுதேன்" என்றேன்.

"ஹைவேயில லாரிய முந்தும்போது விக்குனா?" என்றான். பிறகு, "அந்த ஸ்விட்சப் போட்டிருக்கணும் அத்தான். கீழ ஆள் இருக்க பம்பு வேற, மேல ஆள் இருக்க பம்பு வேற. எனக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சிட்டு" என்றான். போகும்போதும் கைகள் பின்னால்தான் இருந்தன.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொல்லிவிட்டேன். ஸ்விட்ச் பெட்டியிலேயே வந்தது, எதற்கென்று படித்தேன், என் கையால் டிராயரில் போட்டேன், மூன்று வாரமாக மறைத்தேன். எல்லாம் சொன்னேன். அவள் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. எங்கள் வீட்டுப் பூனைகூட வெளியே போய்விட்டது. அவள் திட்டி முடித்துவிட்டு, "அவன் ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள்.

"என்னைக் காட்டிக்குடுக்க வேண்டாம்னு இருந்திருப்பான்."

அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அழுதாளா என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் எனக்கு முன்னால் கடைக்குப் போய், டிராயரிலிருந்து அந்த ஸ்விட்சை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் திரேஸ்புரம் போயிருக்கிறாள். அங்கே நடந்ததை மச்சினன்தான் பின்னால் சொன்னான். வாசலில் நின்றபடியே ஸ்விட்சை நீட்டினாளாம்.

"இத மாட்டு."

"எங் கையி..." என்று இவன் ஆரம்பித்திருக்கிறான்.

"ஒங் கைய யாருல கேட்டா? பம்ப மாட்டுன்னு சொல்லுதேன்."

என் மனைவி பிறந்ததிலிருந்து யாரிடமும் மன்னிப்புக் கேட்டவளில்லை. என் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கிய புதிதில் அவரிடம் ஒரு தரம் கேட்கச் சொன்னேன். அதற்கு நான்தான் இருவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஆகையால் ஸ்விட்சை அவள் அப்படி நீட்டியதே பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அவன் வந்தான். இரண்டு நாள் வேலை பார்த்தான். இந்த முறை டேங்கிலிருந்து கார்புரேட்டர்வரை புதுக் குழாய், ஒவ்வொரு இணைப்புக்கும் இறுக்கமான கிளிப், பம்பின் வேகம் கார்புரேட்டரை மீறிப்போகாமல் அடக்கி வைக்க ஒரு ரெகுலேட்டர், கரண்ட் சாவி வழியாக, அதற்குப் பிறகு ஆயில் ஸ்விட்ச் வழியாக. முதல் தடவை கிளப்புவதற்கு மட்டும் அமுக்கிப் பிடிக்க ஒரு பட்டன். விரலை எடுத்தால் அதுவும் கிடையாது. முதலில் கிளிப்பை இரண்டு தரம் கீழே போட்டான். நான் பார்க்காததுபோல இருந்தேன்.

வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுத் திணறடித்து அணைக்கச் சொன்னான். அணைத்தேன். ஓரிரு நொடியில் பம்ப் நின்றது. மறுபடி, மறுபடி என்று எத்தனை தரமோ செய்யச் சொன்னான்.

"சரியாத்தான் நிக்கி" என்றான். "ஆனா நிக்கும்போதெல்லாம் கீழ ஆள் இருக்கான்னுதான் தோணுது அத்தான்."

அவன் எனக்காகச் செய்ததில் பெரியது டிக்கியைக் கல்லால் உடைத்தது என்று நினைத்திருந்தேன். இல்லை. தன் வாழ்நாளெல்லாம் எது நடக்கவே கூடாது என்று காவல் நின்றானோ, அதையே தன் கையால் செய்து வைத்தானே, அது பெரியது. இதை அவனிடம் சொல்ல முயன்றேன். "டீ சொல்லுங்க" என்றான்.

அந்த வருஷப் பந்தயம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. அடுத்த வருஷம் போய்க் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தேன். கார் நிற்கவில்லை, எனக்கு அது போதும்.

அன்றைக்கு அந்த டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போது மனைவி படியிறங்கி வந்தாள். அந்தக் காரில் அவள் ஒரு நாளும் ஏறியதில்லை. நேராக இடது கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை எப்படிப் போடுவதென்று தெரியாமல் சேலையோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டாள்.

"அக்கா, எறங்கு" என்றான் தம்பி. முகம் வெளுத்துவிட்டது.

அவள் அவனைப் பார்க்கவில்லை. "அந்த ரோட்டுக்கே ஓட்டுங்க" என்று என்னிடம் சொன்னாள்.

ஓட்டினேன். அவன் பைக்கில் பின்னால் வந்தான். உப்பளத்து ரோட்டில் இரு பக்கமும் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. முதல் கியர், இரண்டாம் கியர். வளைவு வந்தது, இந்தத் தடவை காலை எடுத்தேன். வளைவைத் தாண்டியதும், "என்ன ஊர்வலமா போறோம்? அமுக்குங்க" என்றாள். மூன்றாம் கியரில் அமுக்கினேன். இரண்டு கார்புரேட்டர்களும் கத்தின. அவள் ஒரு கையால் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த மாதா படத்தையும் மறு கையால் என் முழங்கையையும் பிடித்திருந்தாள். கார் விக்கவில்லை.

ரோடு முடிகிற இடத்தில் வேகம் குறைந்ததும், என்னைக் கேட்காமலே கையை நீட்டிச் சாவியைத் திருப்பிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. எஞ்சின் அணைந்தது. கார் தானாக உருண்டு ஓரத்தில் நின்றது. அவள் தலையைச் சாய்த்துப் பின்பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டாள். காற்றுச் சத்தம் மட்டும்தான்.

மச்சினன் அவள் ஜன்னல் பக்கம் பைக்கை நிறுத்தினான். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"நாளைக்கு எத்தன மணிக்குல கடலுக்கு?"

அவன் உப்பளத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவளைப் பார்க்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அஞ்சு மணிக்கு."

"சோறு நான் கட்டித் தாரேன். வந்து வாங்கிட்டுப் போ. மூணு பேருக்கும்."

மறுநாள் நாலேமுக்காலுக்கே எங்கள் வாசலில் பைக் ஹாரன் அடித்தது. நான் எழுந்து போய்ப் பார்த்தபோது, அவள் தூக்குச் சட்டியோடு ஏற்கெனவே கேட்டில் நின்றுகொண்டிருந்தாள்.